ஏழு நாள் உறுப்பினர்

(செயல்வீரர்கள் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



ஒரு வாக்கு. ஒரே ஒரு வாக்கு!

1992-ஆம் ஆண்டு, நவம்பர்த் திங்கள் 28-ஆம் நாள். கனடா நாட்டின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், ஆளுங்கட்சி தன் புதிய தலைவரைத் தேர்ந்தெடுக்க வாக்குகளை எண்ணிற்று. நான்சி பெட்கோவ்ஸ்கி என்னும் அம்மையாருக்கு 16,393. ரால்ப் கிளைன் என்பாருக்கு 16,392. பாதிக்குமேல் எவரும் பெறவில்லை. ஆகவே ஏழு நாள் கழித்து மறுவாக்குப் பதிவு. அந்த ஏழு நாளுக்குப் பின் எண்ணிப் பார்த்தால், கிளைனுக்கு 46,245, அம்மையாருக்கு 31,722!

மக்கள்தொகையா ஒரு வாரத்தில் பெருகிற்று? இல்லை. உறுப்பினர் சீட்டு பெருகிற்று. முதல் வாக்குப் பதிவுக்கும் இரண்டாவதற்கும் இடையே, எவரும் பணம் கொடுத்துச் சீட்டு வாங்கலாம், வாங்கிய கையோடு வாக்களிக்கலாம் என்பது அக்கட்சி வகுத்துக்கொண்ட விதி. இந்த விதியைப் பற்றித்தான் இன்று உங்களிடம் பேச வந்தேன்.

நிலத்தடியில் எண்ணெயும் நிலத்தின்மேல் கோதுமையும் விளையும் வளமான மாகாணம் ஆல்பர்ட்டா. அங்கே 1971 முதல் அசைக்க முடியாமல் ஆண்டுவந்தது முற்போக்கு கன்சர்வேட்டிவ் கட்சி. முற்போக்கும் பழமையும் ஒரே பெயர்ப்பலகையில் கைகோத்து நிற்கும் விந்தையை என்னென்பது! அது கிடக்கட்டும். 1985-இல் அவர்கள் தலைவரைத் தேர்ந்தபோது, தொகுதிதோறும் தெரிவு செய்யப்பட்ட பேராளர்கள் மாநாட்டில் கூடி வாக்களித்தனர். அடுத்த முறை, ‘பேராளர் எதற்கு? உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு!’ என்றனர். கேட்கும்போது செவிக்கு இனிக்கிறது. எனக்கும் இனித்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. பேராளர் மாநாடு என்றாலே பின்கட்டு அறையில் நாலு பெரியவர்கள் கூடி முடிவு செய்துவிட்டு, மன்றத்தில் கைதூக்கச் சொல்லும் வேடிக்கையை நாம் அறியாதவர்களா?

ஆனால் ‘உறுப்பினர்’ என்றால் யார்? அந்தக் கேள்விக்கு அவர்கள் விடை சொல்லவில்லை.

அந்த முறை பழுது என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடவும் முடியாது. சரிந்துகொண்டிருந்த கட்சியைக் கிளைன் தூக்கி நிறுத்தினார். 1993, 1997, 2001, 2004 என நான்கு பொதுத் தேர்தல்களில் வென்றார். புதியவர்கள் வந்தனர், புது இரத்தம் பாய்ந்தது என்று பூரித்தனர். ஒரு வாக்கில் முந்தி, ஏழு நாளில் பிந்திய அம்மையார் என்ன ஆனார்? கட்சியை விட்டு விலகி, நான்சி மெக்பெத் என்ற பெயரோடு, 1998-இல் எதிர்த்தரப்பு லிபரல் கட்சிக்கே தலைவரானார்! வெற்றியின் ஆரவாரத்தில் அதை யாரும் பெரிதாக எண்ணவில்லை.

இனி 2006-க்கு வருவோம். அந்த ஆண்டு மார்ச்சில், தலைமை பற்றிய நம்பிக்கை வாக்கெடுப்பில் கிளைனுக்குக் கிடைத்தது 55 விழுக்காட்டிற்குச் சற்றே அதிகம். வென்றார், ஆயினும் அந்த வெற்றி விடைகொடுக்கும் வெற்றி என்பதை உணர்ந்து விலகினார். எண்மர் போட்டியிட்டனர். முன்னாள் நிதியமைச்சர் ஜிம் டின்னிங் செல்வாக்குள்ளோரின் செல்லப்பிள்ளை. டெட் மார்ட்டன் பேராசிரியர், பழமைவாதிகளின் போர்வாள். எட் ஸ்டெல்மாக், உக்ரைனிலிருந்து குடியேறியோரின் வழிவந்த உழவர், ஆர்ப்பாட்டமற்றவர். நவம்பர் 25-இல் டின்னிங் 29,470, மார்ட்டன் 25,614, ஸ்டெல்மாக் 14,967. முதல்வருக்குப் பாதிதான் மூன்றாமவருக்கு!

விதிப்படி மூவரும் அடுத்த சுற்றுக்குச் சென்றனர். இம்முறை இரண்டாம் விருப்பத்தையும் சீட்டில் குறிக்கலாம். ஏழு நாள். சீட்டின் விலை ஐந்து டாலர். போட்டியிலிருந்து வெளியேறியவர்களுள் மூவர் ஸ்டெல்மாக்குக்குத் தோள் கொடுத்தனர். முதற்சுற்றில் வாக்களித்தோர் 97,690. இரண்டாம் சுற்றில் 1,44,289! ஸ்டெல்மாக் 51,764, டின்னிங் 51,282, மார்ட்டன் 41,243. மார்ட்டனை நீக்கி, அவருடைய வாக்காளரின் இரண்டாம் விருப்பத்தைப் பிரித்தனர். அதில் ஸ்டெல்மாக்குக்கு 25,813 சேர்ந்தது. டின்னிங்குக்கு வெறும் 4,227. மூன்றாமவர் முதல்வரானார், மாகாணத்தின் முதலமைச்சரும் ஆனார்.

இங்கே சற்று நில்லுங்கள். ஸ்டெல்மாக் தகுதியற்றவர் என்று நான் கூறவில்லை. 2008 பொதுத் தேர்தலில் 83 இடங்களில் 72 இடங்களை வென்று காட்டியவர் அவர். நான் கேட்பது வேறு. அந்த மிகுதியான 46,599 வாக்குகளில், மறுநாள் காலையில் கட்சி அலுவலகத்தின் கதவைத் தட்டி, ‘எனக்கு என்ன வேலை?’ என்று கேட்டவை எத்தனை? மழையிலும் பனியிலும் வீடுவீடாக நடந்தவனுக்கும் ஒரு வாக்கு. ஐந்து டாலரை நீட்டியவனுக்கும் ஒரு வாக்கு. சமத்துவம் என்பர். உழுதவனும் அறுவடை நாளில் வழிப்போக்கனாக வந்தவனும் களத்துமேட்டில் சமமாக அளந்துகொள்வது எந்த ஊர்ச் சமத்துவம்?

வந்தவர்கள் தலைவரைத் தந்தனர். தலைவருக்குத் துணை தரவில்லை. 2011 ஜனவரியில் நிதிநிலை அறிக்கையைப் பற்றிப் பூசல் மூண்டது. எதிர்த்து நின்றவர் யார்? ஸ்டெல்மாக்கின் நிதியமைச்சராக அமர்ந்திருந்த அதே மார்ட்டன். ஸ்டெல்மாக் விலகினார்.

மீண்டும் அதே முறை, அதே கதை. 2011-இல் முதற்சுற்றில் கேரி மார் ஏறத்தாழ 41 விழுக்காடு; ஆலிசன் ரெட்போர்டு அம்மையார் 19 விழுக்காட்டை எட்டவில்லை. இரண்டாம் சுற்றில் ரெட்போர்டு வென்றார். சட்டமன்றச் சகாக்களில் மிகச் சிலரே தொடக்கத்தில் அவர் பக்கம் இருந்தனர். அவருக்காகச் சீட்டு வாங்கியோரோ வெளியே இருந்தனர். 2012 பொதுத் தேர்தலிலும் வென்றார். ஆனால் மண்டேலாவின் இறுதி நிகழ்ச்சிக்குச் சென்றுவர 45,000 டாலர் செலவிட்டார் என்று புயல் கிளம்பியபோது, சொந்தக் கட்சிச் சட்டமன்றக் குழுவிலேயே நெருப்பு பற்றிற்று. பணத்தைத் திருப்பிக் கட்டியும் தணியவில்லை. 2014 மார்ச்சில் பதவி துறந்தார். செலவு குற்றந்தான், மறுக்கவில்லை. ஆயினும் ‘இவர் நம்மவர், திருத்திக்கொள்வார்’ என்று சொல்லக் கட்சிக்குள் ஒரு குரலுக்குப் பஞ்சம் வந்ததே, அதைக் கவனியுங்கள்.

அதே ஆண்டு செப்டம்பரில் ஜிம் பிரென்டிஸ் தலைவரானார். முக்கால் பங்குக்கு மேல் வாக்கு அவருக்கே. எத்தனை பேர் வாக்களித்தனர்? 23 ஆயிரத்துச் சொச்சம். எட்டே ஆண்டுகளுக்குமுன் 1,44,289! 2015 மே மாதம் புதிய ஜனநாயகக் கட்சி 54 இடங்களைப் பிடித்தது. 44 ஆண்டு ஆட்சி முடிந்து, ஆண்ட கட்சி மூன்றாம் இடத்திற்குப் போயிற்று. ஒரு தேர்தலில் தோற்பதால் கட்சி சாவதில்லை. அவர்களிடமோ தோல்விக்குப் பின் தாங்கிப் பிடிக்க ஆளில்லை. 2017 மார்ச்சில் மீண்டும் பேராளர் மாநாட்டைக் கூட்டித் தேர்ந்தெடுத்தனர், ஜேசன் கென்னியை. அவர் எந்த வாக்குறுதியோடு வந்தார் தெரியுமா? கட்சியை வேறொன்றோடு இணைத்து, பழைய கடையை மூடிவிடுவேன் என்று! அவ்வாறே அந்த ஆண்டே இணைத்தார்.

பழி முழுவதையும் ஐந்து டாலர்ச் சீட்டின்மேல் போடுவது நேர்மையாகாது. எண்ணெய் விலை வீழ்ந்தது. வலப்புறம் போட்டிக் கட்சி முளைத்தது. நெடுநாள் ஆண்டதன் சலிப்பும் சேர்ந்தது. ஆனால் இடர் வரும்போது கூட நிற்பவர் யார் என்பதை முடிவு செய்வது அந்தச் சீட்டுதான்.

ஆகவே, கதவை மூடுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. பேராளருக்கே மீண்டும் எல்லாம் என்றும் சொல்லவில்லை. ஒவ்வோர் உறுப்பினருக்கும் வாக்கு இருக்கட்டும். ஆனால் தேர்தல் அறிவித்த நாளுக்கு முன்பே சேர்ந்திருக்க வேண்டும், சந்தா கட்டியிருக்க வேண்டும், கிளைக் கூட்டத்தில் முகம் காட்டியிருக்க வேண்டும். எத்தனை நாள் முன்பு? மூன்று மாதம் போதும் என்கிறார் இங்கே முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தோழர். நான் ஓராண்டு கேட்கிறேன். அவர் எழுந்து மறுத்துப் பேசட்டும்.