கூலி என்பது ஆளின் பெயரல்ல!

(பிரம்மதேசத்தில் விவசாயத் தொழிலாளர், மில் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே!

நடவு முடிந்து கரையேறியதும் நாம் என்ன கேட்கிறோம்? "கூலி எங்கே?" என்கிறோம். தமிழில் கூலி என்றால் உழைப்புக்குத் தரவேண்டிய பணம், அல்லது நெல். உழைப்பவர் கூலியாள்.

வெள்ளைக்காரன் பேச்சிலோ ஆளே கூலியாகிவிட்டான்! அந்த இங்கிலீஷ் வார்த்தை குஜராத்தின் கோலி மக்கள் பெயரிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. எப்படி வந்தாலும் அதில் பணம் மறைந்தது. சுமை தூக்கும் முதுகுதான் மிஞ்சியது.

1860 நவம்பர் 16-ல் சென்னையிலிருந்து சென்ற 'ட்ரூரோ' கப்பல் டர்பன் சேர்ந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத்தில் போன நம் மக்களைக் 'கூலி' என்றே அழைத்தார்கள். 1893-ல் அங்கு சென்ற காந்தியாரையும் 'கூலி பாரிஸ்டர்' என்றார்கள்! தென்னாப்பிரிக்காவில் அது இன்றும் வசைச் சொல்.

நம் ரயில் நிலையத்திலும் அதே அழைப்புத்தான். 2016 ரயில்வே பட்ஜெட்டில் போர்ட்டர்களுக்குச் 'சகாயக்' என்று பெயரிட்டார்கள். நல்லதுதான். ஆனால் புதுப் பெயரோடு மாதச் சம்பளம் வரவில்லையே!

தோழர்களே! வயலிலோ மில் வாசலிலோ யாராவது நம்மைக் 'கூலி' என்று கூப்பிட்டால் நிமிர்ந்து நின்று சொல்வோம்: "நாங்கள் தொழிலாளர்கள். கூலி என்பது நீங்கள் எங்களுக்குத் தரவேண்டியது!"