ஆணும் பெண்ணும் சிநேகிதராக இருக்க முடியாதா?



இன்று நான் ஒரு சினிமாப் படத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். இப்படிப்பட்ட கூட்டத்தில் சினிமாப் பேச்சு எதற்கு என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். இந்த மாதிரி மேடைகளில் புராணத்தைப் பற்றி எத்தனையோ பேர் பேசியிருக்கிறார்கள். புராணத்தை நம்பியா பேசினார்கள்? அது ஜனங்கள் மனத்தில் எதைப் புகுத்துகிறது என்று காட்டத்தான் பேசினார்கள். அந்த வேலையில் பெரும் பாகத்தை இன்று சினிமா எடுத்துக் கொண்டுவிட்டது. ஆகையால் சினிமாவையும் பரிசோதித்துப் பார்க்க வேண்டியதுதான்.

நான் சொல்லும் படம் அமெரிக்காவில் 1989-ம் வருஷம் வெளிவந்தது. ‘வென் ஹாரி மெட் ஸாலி’ என்று பெயர். அதாவது, ஹாரி ஸாலியைச் சந்தித்தபோது என்று அர்த்தம். கதையை எழுதியவர் நோரா எப்ரன் என்ற அம்மையார். படமாக எடுத்தவர் ராப் ரெய்னர். பில்லி கிரிஸ்டல் ஹாரியாகவும், மெக் ரையன் ஸாலியாகவும் நடித்தார்கள். 2022-ல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம், அழியாமல் காக்க வேண்டிய படங்களின் ஜாப்தாவில் இதையும் சேர்த்தது. பார்த்துச் சிரிக்க வேண்டிய படந்தான். ஆனாலும் சிரிப்புக்கு நடுவே ஒரு பெரிய கேள்வி இருக்கிறது.

கதை இதுதான். 1977-ல் சிகாகோ சர்வகலாசாலைப் படிப்பை முடித்த இருவர் ஒரே மோட்டாரில் நியூயார்க்குக்குப் போகிறார்கள். பதினெட்டு மணி நேரப் பிரயாணம். ஆளுக்கு மூன்று மணி நேரம் வீதம் மாற்றி மாற்றி ஓட்டுவது என்று ஸாலி கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள். வழியில் ஹாரி ஒரு சித்தாந்தம் பேசுகிறான். ஆணும் பெண்ணும் சிநேகிதராக இருக்கவே முடியாது, உடல் ஆசை குறுக்கே வந்தே தீரும் என்கிறான். நியூயார்க் வந்ததும் பிரிந்து விடுகிறார்கள். ஐந்து வருஷம் கழித்து ஒரு விமானப் பிரயாணத்தில் தற்செயலாய்ச் சந்திக்கிறார்கள். அப்போது ஹாரி தன் சித்தாந்தத்துக்கு ஒரு விலக்குச் சொல்லுகிறான்: இருவருக்கும் வேறு வேறு துணை இருந்தால் சிநேகம் முடியும் என்கிறான். சொன்ன வாயாலேயே அதையும் வாபஸ் வாங்கிக் கொள்ளுகிறான். இன்னும் ஐந்து வருஷம் கழித்து ஒரு புத்தகக் கடையில் சந்திக்கிறார்கள். அப்போது அவனை மனைவி விட்டுப் போய்விட்டாள். அவளும் தன் காதலனை விட்டுப் பிரிந்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் உண்மையான சிநேகம் ஆரம்பமாகிறது.

தோழர்களே! ஹாரி படித்தவன், பெரிய பட்டணத்துக்காரன், எதையும் நம்பாதவன் போல் பேசுகிறவன். ஆனால் அவனுடைய சித்தாந்தம் புதியதா? மனுதர்மத்தை எடுத்துப் பாருங்கள். தாயோடும், சகோதரியோடும், பெற்ற மகளோடுங்கூட ஒருவன் தனியிடத்தில் உட்காரக் கூடாது, புலன்கள் படித்தவனையும் இழுத்துவிடும் என்ற கருத்து அதில் விதியாகவே இருக்கிறது. இரண்டிலும் அடிப்படை ஒன்றுதான். பெண் என்றால் உடல்; அந்த உடலைத் தவிர ஆணுக்கு அவளிடம் வேறு காரியம் இல்லை. மனு இதைச் சொல்லிப் பெண்ணை வீட்டில் அடைத்தான். ஹாரி இதைச் சொல்லித் தன்னைக் கெட்டிக்காரன் என்று நினைத்துக் கொண்டான். அவ்வளவுதான் வித்தியாசம்.

இனி, படத்தையே சாட்சிக் கூண்டில் ஏற்றுவோம். ஹாரியின் சித்தாந்தத்தை அது ருஜுப்பிக்கிறதா, மறுக்கிறதா?

இருவரும் என்ன செய்கிறார்கள்? தெருவில் பேசிக்கொண்டே நடக்கிறார்கள். இரவில் அவரவர் வீட்டில், அவரவர் படுக்கையில் இருந்துகொண்டு, ஒரே பழைய படத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தபடி டெலிபோனில் தர்க்கம் செய்கிறார்கள். விட்டுப் போன மனைவியை நினைத்து அவனுக்குத் தூக்கம் வராத கஷ்டத்தை அவளிடம் சொல்லுகிறான். புருஷன் மனைவியிடமும், மனைவி புருஷனிடமும் சொல்லத் தயங்குகிறவற்றையெல்லாம் இவர்கள் தயக்கமில்லாமல் சொல்லிக் கொள்ளுகிறார்கள்.

நியூயார்க்கில் காட்ஸ் என்ற சாப்பாட்டுக் கடையில் நடக்கும் காட்சி உலகப் பிரசித்தம். படுக்கையில் பெண்கள் சந்தோஷம் அடைந்ததுபோல் நடிப்பதுண்டு என்று ஸாலி சொல்லுகிறாள். என்னிடம் எவளும் நடித்ததில்லை, நடித்தால் எனக்குத் தெரியாதா என்கிறான் ஹாரி. உடனே அவள், கடை முழுவதும் திரும்பிப் பார்க்க, அப்படியே நடித்துக் காட்டிவிட்டு, ஒன்றும் நடவாததுபோல் சாப்பிட ஆரம்பிக்கிறாள். இதை ஆபாசம் என்று சிலர் சொல்லலாம். நான் சொல்லுகிறேன், அந்தப் படத்திலேயே யோக்கியமான காட்சி அதுதான். எஜமானனிடம் வேலைக்காரன் நடிப்பான். புருஷனை எஜமானனாக வைத்த வீட்டில் மனைவியும் நடிப்பாள். சரிசமமான சிநேகிதனிடம் நடிக்க வேண்டியதில்லை. உண்மையைப் பளிச்சென்று சொல்லிவிடலாம்.

இந்தச் சமத்துவம் எங்கிருந்து வந்தது? இதைத் தாய்மார்கள் முக்கியமாய்க் கவனிக்க வேண்டும். ஸாலி பத்திரிகைக்கு எழுதிச் சம்பாதிக்கிறவள். அவள் வீட்டுச் சாவி அவள் கையில் இருக்கிறது. யாரோடு பேசினாய், எங்கே போனாய் என்று கேட்க அவளுக்கு மேலே ஒருவரும் இல்லை. சொந்தச் சம்பாத்தியம் இல்லாதவளாய் இருந்தால் அவள் முன்னால் இரண்டே வழிதான் இருந்திருக்கும்: ஒன்று, பெற்றவர் பார்த்த இடத்தில் வாழ்க்கைப்படுவது, மற்றொன்று, ஊராரின் ஏச்சு. சிநேகம் என்ற மூன்றாவது வழி, தன் காலில் நிற்கிறவளுக்குத்தான் திறக்கும்.

“எல்லாம் சரி, கடைசியில் இருவரும் கல்யாணம் செய்து கொண்டார்களே! அப்படியானால் ஹாரி சொன்னதுதானே ஜெயித்தது?” என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பதில் மூன்று இருக்கிறது.

முதலாவது, பழைய காதலன் வேறொருத்தியை மணக்கப் போகிறான் என்று கேட்டு ஸாலி அழுத ஒரு நாள் இரவில், ஆறுதல் சொல்லப் போன ஹாரியும் அவளும் ஒன்று சேர்ந்துவிடுகிறார்கள். பொழுது விடிந்ததும் அவன் பயந்து நழுவுகிறான். சிநேகம் முறிகிறது. ஆசைதான் எல்லாவற்றுக்கும் முடிவு என்றால் கதை அந்த இரவிலேயே சுபமாய் முடிந்திருக்க வேண்டுமே! முடியவில்லை. பின்னால் வருஷக் கடைசி இரவில் அவன் ஓடிவந்து, அவளிடம் தனக்குப் பிடித்தவை இன்னின்னவை என்று சொல்லுகிறான். அந்த ஜாப்தாவில் என்ன இருக்கிறது? அவளுக்குச் சீக்கிரம் குளிர் எடுப்பது, ஒரு ரொட்டித் துண்டு வாங்க ஒன்றரை மணி நேரம் யோசிப்பது, இப்படிப்பட்ட சின்னச் சின்னக் குணங்கள். மினுக்கிய முகத்தைப் பார்த்து மயங்கியவனுக்கு இதெல்லாம் தெரியாது. வெகுநாள் கூடப் பழகிய சிநேகிதனுக்குத்தான் தெரியும். ஆகையால் கல்யாணம் சிநேகத்தைத் தோற்கடிக்கவில்லை. சிநேகத்தில்தான் கல்யாணம் விளைந்தது.

இரண்டாவது, அந்த முடிவே முதலில் எண்ணியது அல்ல. ஹாரியும் ஸாலியும் ஒன்று சேராமல் பிரிந்து போவதாகத்தான் ஆதியில் கதை இருந்தது. மனைவியைப் பிரிந்து வெகுகாலம் தனியாக இருந்த ரெய்னர், இந்தப் படம் எடுக்கும் சமயத்தில் மிஷேல் ஸிங்கர் என்ற பெண்ணைச் சந்தித்து, 1989-ல் மணந்தார். அந்தப் பெண்ணைச் சந்தித்த பிறகுதான் முடிவை மாற்றினார். பாருங்கள், டைரக்டருக்குக் கல்யாண ஆசை வந்தது, கதையிலும் கல்யாணம் வந்தது! இதை இயற்கை விதி என்று எப்படிச் சொல்ல முடியும்?

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் பலமான சாட்சி. இந்தப் படம் எப்படி உண்டாயிற்று? ரெய்னரும் எப்ரன் அம்மையாரும் உட்கார்ந்து, ஆண்கள் விஷயத்தை அவரும், பெண்கள் விஷயத்தை அம்மையாரும் ஒளிக்காமல் பேசிக் கொண்டதில் உண்டாயிற்று. ஹாரியின் குணம் பெரும்பாலும் ரெய்னருடையது. ஓட்டலில் இது தனியாக வேண்டும், அது சுடக் கூடாது என்று ஸாலி பண்ணும் கெடுபிடி, அம்மையாரின் சொந்த வழக்கம். இவர்கள் இருவரும் புருஷன் பெண்சாதி ஆனார்களா? இல்லை. அவர் ஒருத்தியை மணந்தார், அம்மையார் வேறொருவரை மணந்திருந்தார். ஒரு ஆணும் ஒரு பெண்ணும் சிநேகிதராய் இருந்து, ஆணும் பெண்ணும் சிநேகிதராய் இருக்க முடியுமா என்று கேட்டுப் படம் எடுத்திருக்கிறார்கள்! இதைவிட வேறு பதில் வேண்டுமா?

இன்னொரு விஷயம். படத்தின் நடுநடுவே கிழத் தம்பதிகள் வந்து, தாங்கள் சேர்ந்த கதையைச் சொல்லுகிறார்கள். உண்மையான ஜனங்களிடம் கேட்டு வாங்கிய கதைகளை நடிகர்களைக் கொண்டு சொல்ல வைத்தது அது. ஒரு ஜோடி, இருவரும் ஒரே ஆஸ்பத்திரியில் பிறந்தோம், பக்கத்துத் தெருவில் வளர்ந்தோம், ஆனாலும் சிகாகோவில் ஒரு ஓட்டல் லிப்டில்தான் சந்தித்தோம் என்கிறது. நம் ஜோசியன் கேட்டால் ‘ஆஹா, விதி!’ என்பான். ஆனால் அந்தக் கிழவர் சொல்லுவதைப் பூராவும் கேளுங்கள். அவளோடு பேச வேண்டும் என்று, தான் இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் ஒன்பது மாடி அதிகமாய் ஏறினாராம்! அந்த ஒன்பது மாடியை விதியா ஏறிற்று?

மற்றொருவர் சீனர். தரகன் பேசி முடித்த கல்யாணம். முகூர்த்தம் வரையில் பெண்ணைப் பார்க்கக் கூடாது. இவர் திருட்டுத்தனமாய்ப் பெண்ணின் ஊருக்குப் போய், மரத்தின் பின்னால் ஒளிந்து, அவள் துணி துவைப்பதைப் பார்த்துவிட்டு, பிடித்த பிறகே சம்மதம் சொன்னாராம். ஐம்பத்தைந்து வருஷம் வாழ்ந்துவிட்டோம் என்கிறார். சந்தோஷம். ஆனால் அந்தப் பெண் ஒளிந்து பார்க்க ஒரு மரம் இருந்ததா? அவளுக்குப் பிடித்ததா என்று யாராவது கேட்டார்களா? அன்றியும், இந்தப் படத்தில் வந்து கதை சொல்லுகிறவர்கள் எல்லாரும் நல்லபடி வாழ்ந்தவர்கள்தாம். வேண்டுதல் பலித்தவன் கோவிலில் வந்து கல் நாட்டுகிறான்; பலிக்காதவன் வாய் திறப்பதில்லை. அந்தக் கல்லை எண்ணிச் சாமியின் சக்தியைக் கணக்கிடலாமா? அதுபோலத்தான் இதுவும்.

ஆகவே தோழர்களே! இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, ‘ஆணும் பெண்ணும் பேசினால் கடைசியில் இப்படித்தான் முடியும்’ என்று வீட்டுக்குப் போய்ச் சொல்லாதீர்கள். பேசியதனாலேயே ஒருவரையொருவர் அறிந்தார்கள், அறிந்ததனாலேயே சேர்ந்தார்கள், சேராமல் போயிருந்தாலும் அந்தச் சிநேகத்துக்கு ஒரு குறையும் இல்லை என்று சொல்லுங்கள். உங்கள் பெண் ஒரு வாலிபனோடு நின்று பேசினால் உடனே கல்யாணமா, களங்கமா என்று இரண்டே கேள்வி கேட்காதீர்கள். பேசட்டும். மனிதரோடு மனிதர் பேசுகிறார்கள், அவ்வளவுதான்.

நான் சொன்னேன் என்பதற்காக எதையும் நம்ப வேண்டாம். உங்கள் சொந்த அறிவைக் கொண்டு யோசித்து, சரியென்று பட்டால் நடத்தையில் காட்டுங்கள், இல்லையென்றால் தள்ளிவிடுங்கள்.