எழுத மறுக்கும் தரவுத்தளம்

மதுரையில் இலந்தைக்குளம், வடபழஞ்சி எல்காட் பூங்காக்களில் பணிபுரிவோர் முதல் கீழமாசி வீதி மொத்தக் கடையின் பில்லிங் கணினியைப் பராமரிப்பவர் வரை, தரவுத்தளத்தைக் கையாளும் எவருக்கும், பழைய பில்கள் தடையின்றித் திரைக்கு வரும்போது புதிய பில் மட்டும் பதிவாகாமல் நிற்பது ஏன் என்ற ஐயம் எழக்கூடும். எட்கர் காட் 1970இல் முன்வைத்த முறைப்படி தகவல்களை அட்டவணைகளாகச் சேமிக்கும் உறவுமுறைத் தரவுத்தளம், படிப்பதை அனுமதித்து எழுதுவதை மறுக்கும் நிலையே ‘ரீட் ஒன்லி’ எனப்படும்.

சோதனைக்காகப் பொய்யான பில் ஒன்றைப் போட்டுப் பார்ப்பது தவறான வழி. அது பதிவாகிவிட்டால் கணக்கில் கலந்துவிடும். தரவுத்தளத்திடமே நிலையைக் கேட்டறிவதே முறை. போஸ்ட்கிரெஸில் ‘ஷோ டிரான்சாக்‌ஷன் ரீட் ஒன்லி’ என்ற கட்டளையை, பிற்பகுதியின் மூன்று சொற்களையும் அடிக்கோட்டால் இணைத்துத் தட்டச்சிட்டால், ‘ஆன்’ அல்லது ‘ஆஃப்’ என்று விடை வரும். ‘ஆன்’ என வந்தால், ‘பிஜி இஸ் இன் ரிகவரி’ என்ற செயற்கூற்றை அடுத்து அழைக்க வேண்டும். அது ‘ஆம்’ என்றால், இணைப்பு முதன்மை சர்வருக்குச் செல்லாமல், அதன் மாற்றங்களைப் பின்தொடரும் பிரதி சர்வருக்குச் சென்றிருக்கிறது என்பது பெரும்பாலும் உறுதி. ‘இல்லை’ என்றால், சர்வர், தரவுத்தளம், பயனர் ஆகியவற்றுள் ஏதோ ஒன்றுக்கு இடப்பட்ட அமைப்பைத் தேட வேண்டும். பயனருக்குப் பயனர் அது மாறக்கூடும் என்பதால், பில்லிங் மென்பொருள் நுழையும் அதே பயனர் பெயரில் நுழைந்து கேட்பது இன்றியமையாதது.

மைஎஸ்க்யூஎல்லில் இந்த எச்சரிக்கை இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது. அங்கே ‘ரீட் ஒன்லி’ இயக்கப்பட்டிருந்தாலும் ரூட் போன்ற உயர் உரிமை கொண்ட பயனரை அது தடுப்பதில்லை என்பதால், ரூட்டாக நுழைந்து எழுதிப் பார்க்கும் நிர்வாகிக்கு எல்லாம் சரியாகவே தோன்றும், கல்லாவில் இருப்பவருக்கோ பில் விழாது. உயர் உரிமை கொண்ட பயனர்களையும் தடுக்கும் ‘சூப்பர் ரீட் ஒன்லி’ 5.7.8 பதிப்பில்தான் வந்தது. ஆகவே இரு மாறிகளின் மதிப்பையும் சேர்த்தே பார்க்க வேண்டும். எஸ்க்யூஎல் சர்வரில் ‘சிஸ் டேட்டாபேசஸ்’ பட்டியலும், ஆரக்கிளில் ‘வி டாலர் டேட்டாபேஸ்’ காட்சியின் ‘ஓப்பன் மோட்’ பத்தியும் இதே விடையைத் தரும்.

விடை கிடைத்தவுடன் பூட்டைத் திறந்துவிடும் அவசரம்தான் பெருங்கேடு விளைவிப்பது. மைஎஸ்க்யூஎல் பிரதி சர்வரில் அந்த அமைப்பை அணைத்து ஒரே ஒரு பில்லை எழுதினாலும், முதன்மையில் இல்லாத வரி பிரதியில் சேர்ந்து, பின்னர் அதே எண்ணில் முதன்மையிலிருந்து வரும் பில்லோடு மோதி, பின்தொடர்தலே நின்றுவிடக்கூடும். எனவே ‘ஷோ ரெப்ளிகா ஸ்டேட்டஸ்’ வெறுமையாக வந்தால் மட்டுமே, அதாவது அந்த சர்வர் வேறெதனையும் பின்தொடரவில்லை என்று தெரிந்தால் மட்டுமே, அதனை அணைப்பது பற்றி எண்ணலாம்.