விளையாட்டுவழிச் சிகிச்சை: பெற்றோர் எதிர்பார்க்கத்தக்கது என்ன?

இந்தியாவில் சமூகப் பணிக் கல்விக்கான முதற்பள்ளி 1936-ஆம் ஆண்டில் அன்றைய பம்பாயின் நாக்பாடாப் பகுதியில் தொடங்கப்பெற்றது. இன்று செம்பூரை அடுத்த தேவ்நாரில் இயங்கும் டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் தொடக்கம் அதுவே. 1937-இல் அந்நிறுவனம் நாட்டின் முதல் குழந்தை வழிகாட்டு நிலையத்தை ஏற்படுத்தியது. குழந்தையின் முரட்டுத்தனத்தையும் அச்சத்தையும் தண்டனையால் அன்றி, அதன் மனத்தை அறிந்து தீர்க்க வேண்டும் என்னும் கருத்து இவ்வாறு நிறுவன வடிவம் பெற்றது. அந்தக் கருத்திலிருந்து வளர்ந்த முறைகளுள் ஒன்றே விளையாட்டுவழிச் சிகிச்சை.

வயது வந்தோர் தம் துயரைச் சொல்லால் வெளியிடுவர். மூன்று வயது முதல் ஏறத்தாழப் பன்னிரண்டு வயது வரையுள்ள குழந்தைக்கு அது எளிதன்று. அது பொம்மையை அடிக்கிறது. மண் வீட்டைக் கட்டி இடிக்கிறது. ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப நடித்துக் காட்டுகிறது. அந்த விளையாட்டையே குழந்தையின் மொழியாகக் கொள்ளலாம் என்பது இம்முறையின் அடிப்படை. அமெரிக்க உளவியலாளர் வர்ஜீனியா ஆக்ஸ்லைன் 1947-இல் வெளியிட்ட நூலில் இதற்குரிய நெறிகளை வகுத்தார். குழந்தையை உள்ளவாறே ஏற்றல், அதன் உணர்வை அறிந்து அதற்கே எடுத்துக் காட்டல், அவசரப்படுத்தாமை, தேவையான வரம்புகளை மட்டும் விதித்தல் ஆகியன அவற்றுள் முக்கியமானவை.

தாராவியில் வீட்டிலிருந்தே அப்பளம் இட்டோ துணி தைத்தோ பொருளீட்டும் தாய்க்கு, குழந்தையுடன் ஒருமுறை மருத்துவமனை சென்றுவர அரை நாள் கூலி போய்விடும். உள்ளே குழந்தை களிமண்ணை உருட்டிக்கொண்டிருப்பதைக் கண்டு, “இதைத் தெருவிலேயே செய்யலாமே” என்று அவர் கேட்டால், அக்கேள்வி நியாயமானதே. அதற்குத் தெளிவாக விடையளிப்பது சிகிச்சையாளரின் கடமை.

முதற் சந்திப்பு பெரும்பாலும் பெற்றோருடன் நிகழும். குழந்தையின் பிறப்பு, வளர்ச்சி, உறக்கம், பள்ளி, குடும்பத்தில் நேர்ந்த இழப்பு அல்லது இடமாற்றம் ஆகியவை கேட்டறியப்படும். பின்னர் வாரத்திற்கு ஒருமுறை, ஒரே அறையில், ஒரே நேரத்தில், முப்பது முதல் ஐம்பது நிமிடம் வரை குழந்தை சிகிச்சையாளருடன் இருக்கும். மணல், களிமண், வண்ணம், பொம்மைக் குடும்பம், சமையல் சொப்பு ஆகியவையே அங்குள்ள கருவிகள். தெருவில் இல்லாதது அந்தப் பொருள்கள் அல்ல. குழந்தை செய்வதை இகழாமலும் திருத்தாமலும் கவனித்து, அதன் பொருளை உணரும் பயிற்சி பெற்ற ஒருவரே.

அமர்வு முடிந்ததும், “இன்று என்ன விளையாடினாய்? ஒழுங்காக இருந்தாயா?” என்று விசாரிப்பதைப் பெற்றோர் தவிர்த்தல் நலம். அங்கு நடந்தவை அனைத்தையும் சிகிச்சையாளர் வெளியிடமாட்டார். ஆயினும் முன்னேற்றத்தின் போக்கை அவ்வப்போது பெற்றோருடன் கலந்து பேசுவார். குழந்தையின் பாதுகாப்புக்கு ஆபத்து இருப்பதாகத் தெரிந்தால் அதை மறைக்கவும் மாட்டார். அடக்கி வைத்திருந்த கோபம் வெளிப்படும் முதற் சில வாரங்களில் வீட்டில் பிடிவாதம் சற்று மிகுவதுமுண்டு. இதனைக் கண்டு சிகிச்சையை நிறுத்திவிடலாகாது. சிகிச்சையாளரிடம் தெரிவிக்க வேண்டும்.

எவ்வளவு காலம் பிடிக்கும்? 2005-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு 93 ஆய்வுகளை ஒப்பிட்டு, குறிப்பிடத்தக்க பயன் உண்டு எனவும், 35 முதல் 40 அமர்வுகளில் அது உச்சத்தை எட்டுகிறது எனவும் கண்டது. 2015-இல் 52 ஆய்வுகளைக் கொண்டு செய்யப்பட்ட மற்றொரு தொகுப்பாய்வு, பயன் நடுத்தர அளவினது என்றது. ஆகவே ஓரிரு வாரத்தில் மாற்றத்தை எதிர்பார்ப்பது சரியன்று; ஆறு மாதங்களாகியும் எம்மாற்றமும் காணாவிடில் காரணம் கேட்கப் பெற்றோருக்கு உரிமையுண்டு.

இச்சிகிச்சையின் எல்லையும் அறியப்பட வேண்டும். கேட்கும் திறன் குன்றிய குழந்தைக்குச் செவிப் பரிசோதனையும், பேச்சுத் தாமதத்திற்குப் பேச்சுப் பயிற்சியும், வலிப்புக்கு மருந்துமே தேவை. மாட்டுங்காவிலோ செம்பூரிலோ உள்ள பெற்றோர் தேர்வு மதிப்பெண் உயர்வதற்காக இதனை நாடினால் ஏமாற்றமே மிஞ்சும். அச்சமும் துயரும் குறைந்தால் படிப்பில் கவனம் திரும்பலாம். ஆயின் அது பின்விளைவேயன்றி நோக்கமன்று.

2005-ஆம் ஆண்டு ஆய்வு உணர்த்தும் இன்னொரு செய்தி மிக முக்கியமானது. பெற்றோரே பயிற்சி பெற்று விளையாட்டில் பங்கேற்ற இடங்களில் பயன் மிகுதியாக இருந்தது. பழுதான பொருளைக் கொடுத்துச் சீர்செய்து வாங்குவது போன்றதன்று இச்சிகிச்சை. வீட்டின் பங்கு அதில் பாதி. ஓரறை வீட்டில் தனியறைக்கு இடமில்லை என்பது உண்மை. ஆயினும் வாரத்தில் அரை மணி நேரம், ஒரு பாய், கும்பார்வாடாவில் கிடைக்கும் ஒரு பிடி களிமண், குறுக்கீடற்ற ஒரு பெரியவர் என்பவை அரியவை அல்ல.

நிருவாகத்தின் பொறுப்பும் இங்கு உண்டு. 1975 அக்டோபர் 2 அன்று 33 இடங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் முதற் களங்களுள் தாராவியும் ஒன்று. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம் அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இருமுறை பரிசோதிக்க வகை செய்கிறது. எடையும் உயரமும் பதிவாகும் அந்த இடத்திலேயே, விளையாடாத குழந்தையையும் கண்டறிய ஊழியருக்குப் பயிற்சி அளிக்கலாம். வீட்டில் தமிழும் தெருவில் இந்தியும் பள்ளியில் மராத்தியோ ஆங்கிலமோ பேசும் குழந்தைக்கு, அதன் தாய்மொழி அறிந்தவர் அருகிருத்தல் பெருந்துணை. 2022 முதல் இயங்கும் டெலி மனஸ் சேவையில் 14416 என்னும் எண்ணில் தமிழிலும் ஆலோசனை பெறலாம். சிகிச்சை அளிப்பவர் மருத்துவ உளவியலாளர் எனில், அவர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றவரா என்று கேட்டறிவது முறையே.

குழந்தை மீண்டும் பிற குழந்தைகளுடன் சேர்ந்து விளையாடுதல், இரவில் அமைதியாக உறங்குதல், “பயமாக இருக்கிறது” என்று வாய்விட்டுச் சொல்லுதல் ஆகியவையே முன்னேற்றத்தின் அடையாளங்கள். பெற்றோர் எதிர்நோக்க வேண்டியவை இவையே. அவற்றைக் கூலி இழக்காமல் பெறுவதற்கு வழி செய்வது ஆட்சியாளர் கடன்.