கடல் கடந்த வாழ்வும் கணக்கும்



சிங்கப்பூருக்கு உத்தியோகமேற்றுச் செல்லும் நம் வாலிபர்கட்கு நாம் சொல்ல விரும்புவது ஒன்றே. டாலரை ரூபாயாக்கி மகிழ்தல் வேண்டா. வாடகை போக மிஞ்சுவதே வருமானம். வேலை அனுமதியிற் செல்வோர்க்கு அங்கே மத்திய சேமநிதி கிடையாது. முதுமைக்குத் தாமே சேமித்தல் வேண்டும். மோட்டார் வாங்குவோர் 10 ஆண்டு உரிமைச் சான்றையும் ஏலத்தில் எடுக்கவேண்டுமென்பது 1990 முதல் அங்குள்ள ஏற்பாடு. ஆதலின் ரயிலிற் செல்லுதல் இழிவன்று. 1859-இல் அங்கே தண்டாயுதபாணிக்குக் கோயில் எழுப்பிய நம் முன்னோர், ஊரிற் பெருவீடிருந்தும் கிட்டங்கியில் பெட்டியும் பாயுமாக வாழ்ந்தனரன்றோ?

ஊரார் மெச்சக் கடன்பட்டுப் பணமனுப்புதல் குடும்பத்தைக் கெடுக்கும். புறப்படுமுன் உண்மைக் கணக்கைப் பெற்றோர்க்கும் மனைவிக்கும் உரைப்பீர்களாக! பெற்றோரும் அதற்கேற்பத் தம் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.