ஓய்வு பெற்ற பந்தய நாயின் வலிப்பு



மான்செஸ்டர் நகரத்து பெல் வியூ அரங்கில் 1926-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஒரு புதிய பந்தயம் நடைபெற்றது. இயந்திரத்தால் இழுக்கப்பட்ட பொய் முயலை, கிரேஹவுண்டு என்னும் ஒல்லியான வேட்டை நாய்கள் துரத்தி ஓடின. ஏறக்குறைய அரை நிமிடத்தில் முடிந்துவிடும் இவ்விளையாட்டு பிரிட்டனில் விரைவிலேயே வேரூன்றியது. நான்கு ஐந்து வயதானதும் இந்நாய்களின் வேகம் குறைந்துவிடுகிறது; பந்தய வாழ்வும் அத்துடன் முடிகிறது. ஆனால் நாயின் ஆயுளோ பத்து, பன்னிரண்டு ஆண்டுகள். எஞ்சிய காலத்திற்கு அவற்றை இல்லங்களில் குடியேற்றும் அறச் சங்கங்கள் அந்நாட்டில் பல உள்ளன.

அவ்வாறு ஒரு குடும்பத்திற்கு வந்து சேர்ந்த நாயை நினைத்துக்கொள்ளுங்கள். சில மாதங்கள் அமைதியாகக் கழிகின்றன. ஓர் இரவு, விரிப்பில் படுத்திருந்த நாய் திடீரென்று விறைத்துப்போகிறது. கால்கள் நீந்துவனபோல் அடித்துக்கொள்கின்றன. வாயில் நுரை தள்ளுகிறது. தன்னை அறியாமல் சிறுநீர் கழிக்கிறது. ஒன்றிரண்டு நிமிடங்களில் எல்லாம் அடங்குகிறது. பிறகு எழுந்து, வீட்டாரை அடையாளம் தெரியாததுபோல், சுவரில் மோதிக்கொண்டு, அறைக்கு அறை ஓயாமல் நடக்கிறது. விடிந்ததும் வழக்கம்போல் வாலை ஆட்டுகிறது. ‘இதற்கு என்ன வந்தது?’ என்பதே வீட்டாரின் கேள்வி. நோயாளிக்கோ பேச வாயில்லை.

நம் நாட்டில் வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கும் வழக்கம் உண்டல்லவா? நாய்க்கு வலிப்பு வந்தால் அதன் நாக்கைப் பிடித்து இழுக்க முயலுபவர்கள் அங்கு உண்டு. இரண்டுமே பயனற்றவை, இரண்டாவது, விரலுக்கும் ஆபத்து. செய்யத்தக்கது வேறு. நாற்காலி, மேசைகளை அப்பால் நகர்த்த வேண்டும். விளக்கைத் தணிக்க வேண்டும். கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்திற்கு மேல் வலிப்பு நீடித்தாலும், ஒரே நாளில் இரண்டு மூன்று முறை வந்தாலும், மருத்துவரிடம் ஓடியாக வேண்டும். இந்நாளில் கைப்பேசியில் அக்காட்சியைப் படம்பிடித்து வைப்பது மருத்துவருக்குப் பேருதவி. ஏனெனில் மருத்துவரின் மேசை மீது ஏறும்போது நாய் பெரும்பாலும் நலமாகவே இருக்கும்.

படம் எதற்கென்றால், வலிப்புப் போலத் தோன்றுவதெல்லாம் வலிப்பன்று. இதயக் கோளாற்றால் மயங்கி விழும் நாய் தளர்ந்து விழுகிறது. சில நொடிகளில் தெளிந்து எழுந்து நிற்கிறது. பிந்திய தடுமாற்றம் அதற்கு இல்லை. கிரேஹவுண்டு இனத்திலோ வேறு குழப்பங்களும் உண்டு. இவை கண்களைப் பாதி திறந்தபடியே உறங்குவதுண்டு. உறங்கும்போது யாரேனும் தொட்டுவிட்டால் கத்திக்கொண்டு துள்ளி எழும்; சில சமயம் கடித்தும் விடும். ‘நாய்க்குப் பித்துப் பிடித்துவிட்டது’ என்று வீட்டார் அஞ்சுகின்றனர். உண்மையில் அது உறக்கத் திடுக்கிடலே. பிறந்தது முதல் கொட்டிலிலேயே வளர்ந்த நாய் மாடிப்படியைக் கண்டதில்லை, நிலைக்கண்ணாடியைக் கண்டதில்லை. நடு வழியில் சிலைபோல நின்றுவிடுவதும், கண்ணாடிக் கதவில் முட்டிக்கொள்வதும் மூளை நோயின் அறிகுறிகள் ஆகமாட்டா. பழகாத உலகத்தின் திகைப்பு அது. ஆயினும், இல்லாத ஈயைக் கடிப்பதுபோல வாயை மூடித் திறப்பதும், முகத்தின் ஒரு பக்கம் மட்டும் துடிப்பதும் மூளையின் ஒரு பகுதியில் மட்டும் எழும் வலிப்பாக இருக்கக்கூடும். இரண்டையும் பிரித்தறிவதே முதல் வேலை.

அடுத்து, இரத்தப் பரிசோதனை. சர்க்கரை குறைந்தால் வலிப்பு வரும். சுண்ணாம்புச் சத்துக் குறைந்தாலும் வரும். ஈரல் கெட்டாலும் வரும். உண்ணி கடித்துப் பரவும் நோய்களையும் பந்தயக் கொட்டிலிலிருந்து வந்த நாயிடம் ஐயுற வேண்டும். நத்தைகளைக் கொல்லத் தோட்டத்தில் இடும் மருந்து, பழைய வண்ணப்பூச்சிலுள்ள ஈயம், சாக்லெட், சர்க்கரைக்கு மாற்றாகச் சில தின்பண்டங்களில் சேர்க்கும் சைலிட்டால் ஆகியவை நாயைப் பொறுத்தவரை நஞ்சுகளே.

இங்கே ஒரு பொறி காத்திருக்கிறது. கிரேஹவுண்டின் இரத்தம் பிற நாய்களின் இரத்தம் போன்றதன்று. ஓட்டத்திற்கென்றே வளர்க்கப்பட்ட இனமாதலால், இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு நூற்றுக்கு 50 முதல் 65 வரை இருக்கும். மற்ற நாய்களில் அது பெரும்பாலும் 55-ஐத் தாண்டுவதில்லை. இரத்தம் உறையச் செய்யும் தட்டணுக்கள் குறைவு. தசை மிகுதியால் கிரியேட்டினின் என்னும் கழிவுப்பொருள் சற்று அதிகம். எல்லாவற்றினும் முக்கியமாக, தைராய்டு சுரப்பியின் சாரம் மற்ற நாய்களில் பாதியளவே இருப்பது இவ்வினத்திற்கு இயல்பு. இதை அறியாத மருத்துவர் அச்சிட்ட அட்டவணையோடு ஒப்பிட்டு, ‘சிறுநீரகம் பழுது, தைராய்டு குறைவு’ என்று எழுதிவிடுகிறார். நாயும் வேண்டாத மாத்திரையை ஆயுள் முழுதும் விழுங்குகிறது. வலிப்பின் உண்மைக் காரணத்தைத் தேடுவதும் அத்துடன் நின்றுபோகிறது. பொய்யான விடை கிடைப்பது விடையே கிடைக்காமற் போவதினும் கேடு. இன்னும் ஒரு சிக்கல்: வலிப்புக்கு வழக்கமாகக் கொடுக்கப்படும் பீனோபார்பிடோன் என்னும் மருந்தே தைராய்டு அளவைக் குறைத்துக் காட்டும். ஆகையால் மருந்து தொடங்கு முன்பே இரத்தம் எடுத்துவிடுதல் அறிவுடைமை.

இவ்வளவும் பார்த்து, மூளையைக் காந்தப் படம் எடுத்துப் பார்த்தும் ஒன்றும் புலப்படாவிட்டால் மருத்துவர் ஒரு சொல்லை எழுதுகிறார்: ‘இடியோபதிக்’. ஆறு மாதத்திற்கும் ஆறு வயதிற்கும் இடையே முதல் வலிப்புக் கண்ட நாய்களிடம் இச்சொல் அடிக்கடி வழங்கும். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இச்சொல்லோடு ஒரு பழைய வழக்கு உண்டு. கிரேக்க மொழியில் ‘தனக்கே உரிய நோவு’ என்பது இதன் மூலப்பொருள். சுகாதார அறிக்கை ஒன்றை ஆக்கும்போது நான் ‘காரணம் இன்னும் அறியப்படாத’ என்று எழுதினேன். சரிபார்த்த மேலதிகாரி ‘இன்னும்’ என்பதை அடித்துவிட்டு, ‘மூலத்தில் இல்லை’ என்று ஓரத்தில் குறித்தார். வேறொருவர் அதையும் மாற்றிக் ‘காரணமற்ற’ என்று ஆக்கிவிட்டார். அறியப்படாதது வேறு, இல்லாதது வேறு. சொல் ஒன்று மாறியதால் ஆராய்ச்சியின் கதவே சாத்தப்படும் என்பதற்கு நாய்களின் வரலாற்றிலேயே ஒரு சான்று இருக்கிறது. அதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

1920-களிலும் 1930-களிலும் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் நாய்களைப் பற்றிய புதிய நோயொன்று பேசப்பட்டது. நன்றாயிருந்த நாய் திடீரென அலறும்; எதையோ கண்டு மிரண்டதுபோல் கண்மண் தெரியாமல் ஓடும்; சுவர்களிலும் மரச்சாமான்களிலும் மோதிக்கொள்ளும்; இறுதியில் வலிப்புக் கண்டு விழும். சிறிது நேரங்கழித்து ஒன்றுமே நடவாததுபோல் எழுந்துவிடும். ‘நாய் வெறி மருட்சி’ என்று சொல்லத்தக்க ஒரு பெயரை ஆங்கிலேயர் இதற்கு இட்டனர். அமெரிக்கர் ‘ஓட்ட வலிப்பு’ என்றனர். காரணம் என்ன? குடற்புழு என்றார் ஒருவர். காதுப் பூச்சி என்றார் மற்றொருவர். தொற்று நோய் என்றும், உயிர்ச்சத்துக் குறைவு என்றும் பலர் சொன்னார்கள். ஒவ்வொருவரிடமும் ஒரு மருந்து இருந்தது. பெயர் வைத்தாயிற்று என்பதாலேயே நோய் புரிந்துவிட்டதாகப் பலருக்கும் ஒரு நிம்மதி. மருண்டு ஓடும் நாய், மனநிலை கெட்ட நாயாகவே கருதப்பட்டது.

அந்நிலையில் இதில் கவனம் செலுத்தியவர் எட்வர்டு மெல்லன்பி. உணவாராய்ச்சியில் பெயர் பெற்றவர். குழந்தைகளின் எலும்பை வளைக்கும் ரிக்கெட்ஸ் நோய் உணவுக் குறையால் வருவது என்பதை 1918, 1919-ஆம் ஆண்டுகளில் நாய்க்குட்டிகளைக் கொண்டு நிறுவியவர். 1933 முதல் 1949 வரை பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் செயலாளராக இருந்தவர். தானிய உணவைப் பற்றிய ஐயம் அவருக்கு நெடுநாளாக உண்டு. அமெரிக்காவிலும் சிலர், கோதுமையின் புரதமான குளூட்டனை மிகுதியாக உண்ட நாய்களிடம் இவ்வலிப்பைக் கண்டிருந்தனர். ஆனால் ஒரே கோதுமை மாவு ஓரிடத்தில் நோய் தருவதும், வேறிடத்தில் தராததும் புதிராக இருந்தது.

மெல்லன்பி மாவைக் கேட்கவில்லை; மாவுக்கு என்ன செய்தார்கள் என்று கேட்டார். புதிதாக அரைத்த மாவு சற்று மஞ்சளாக இருக்கும். ரொட்டி நன்றாக எழும்பாது. சில வாரங்கள் வைத்திருந்தால் வெளுத்துப் பக்குவப்படும். ஆனால் ஆலைக்காரருக்கு அவ்வளவு காலம் மாவை அடைத்து வைப்பது நட்டம். எனவே நைட்ரஜன் டிரைகுளோரைடு என்னும் வாயுவை மாவில் சிறிதளவு செலுத்தி, பல வாரங்களின் வேலையைச் சில நிமிடங்களில் முடித்தார்கள். இம்முறைக்கு ‘ஏஜீன்’ என்று பெயர். (தூய நிலையில் இது கொடிய வெடிபொருள், இதை 1811-இல் கண்டறிந்த தூலாங் என்னும் பிரெஞ்சு அறிஞர் ஒரு கண்ணையும் இரு விரல்களையும் இதற்கே பலி கொடுத்தார்.) பிரிட்டனில் வெள்ளை மாவின் பெரும்பகுதி அக்காலத்தில் இவ்வாறே வெளுக்கப்பட்டது.

மெல்லன்பி நாய்களை இரு பிரிவாக்கினார். ஒரு பிரிவுக்கு வாயு ஏற்றிய மாவு. மற்றதற்கு அதே மாவு, வாயு ஏற்றாமல். முதற்பிரிவு நாய்கள் மருண்டு ஓடின, வலிப்புக் கண்டன. இரண்டாம் பிரிவில் ஒன்றும் நேரவில்லை. 1946 டிசம்பரில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இதை வெளியிட்டார். இருபது ஆண்டுகளாக நாயின் குடலிலும் காதிலும் மனத்திலும் தேடப்பட்ட காரணம், அதன் தட்டில் கிடந்த பிஸ்கோத்தில் இருந்தது!

அதன் பின் வேலை வேகமாக நடந்தது. 1949, 1950-இல் இரசாயன அறிஞர்கள் அந்த நஞ்சைப் பிரித்தெடுத்தார்கள். மாவின் புரதத்திலுள்ள மெத்தியோனின் என்னும் கூறு அவ்வாயுவோடு சேர்ந்து மெத்தியோனின் சல்பாக்சிமின் என்னும் பொருளாகிறது. மூளையில் அம்மோனியாவைத் தீங்கற்ற குளூட்டமினாக மாற்றும் நொதியை அது முடக்கிவிடுகிறது. அடுப்பிலிட்டு ரொட்டியாகச் சுட்டாலும் இந்நஞ்சு அழிவதில்லை.

இந்த மாவைத்தான் மனிதரும் தின்றுகொண்டிருந்தார்கள். மனிதருக்குத் தீங்கு உண்டா என்று சோதித்தபோது, நாயைப்போல் மனிதர் அதற்கு இலக்காவதாகத் தெரியவில்லை. ஆனாலும் அமெரிக்காவில் 1949-இல் இம்முறை கைவிடப்பட்டது; பிரிட்டனில் 1950-களின் நடுப்பகுதியில் நின்றது. ஆலைக்காரர்கள் வேறு வாயுவுக்கு மாறினர். நாய்களின் மருட்சி நோயும் அத்துடன் மங்கி மறைந்தது.

இச்செய்தியில் நம் நாட்டிற்கும் ஒரு சிறு பங்குண்டு. ஓய்வு பெற்றபின் மெல்லன்பி இந்தியாவிற்கு வந்து, 1950, 51-இல் லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநராகப் பணியாற்றினார். கோமதி ஆற்றங்கரையில் சத்தர் மன்ஸில் அரண்மனையில் அந்நிலையத்தை 1951 பிப்ரவரியில் நேரு திறந்துவைத்தார். லக்னோவில் வாழும் நம்மவர் அக்கட்டடத்தின் குடைபோன்ற கோபுரத்தைப் பலமுறை பார்த்திருப்பார்கள். நாய் பிஸ்கோத்தின் புதிரை அவிழ்த்தவர் அங்கே அமர்ந்திருந்தார் என்பதை அறிந்தவர் சிலரே.

இனி, அந்தக் கிரேஹவுண்டிடம் திரும்புவோம். இன்று நாய் பிஸ்கோத்தில் ஏஜீன் இல்லை. அதன் வலிப்புக்கு அதுவே காரணம் என்று நான் சொல்லவில்லை. மெல்லன்பி கேட்ட வகைக் கேள்வியை வீட்டார் கேட்கலாம் என்றே சொல்கிறேன். ஒரு குறிப்பேடு போதும். நாள், நேரம், எத்தனை நிமிடம், முன்னதாக உண்டது எது, புதிதாக வாங்கிய தீனிப் பொதி எது, தோட்டத்தில் தெளித்தது எது, உறங்கும்போதா விழித்திருக்கும்போதா, பிறகு எவ்வளவு நேரம் தடுமாறியது என்று பதிவு செய்ய வேண்டும். நாயின் காதில் பச்சை குத்திய எண்ணைக்கொண்டு அதன் பழைய பந்தய வரலாற்றையும் தேடிப் பார்க்கலாம். எங்கே விழுந்தது, தலையில் அடிபட்டதா என்பதெல்லாம் சில சமயம் கிடைக்கும். ஆறு வயதைக் கடந்த பின் முதல் வலிப்பு வந்தால், மூளையில் கட்டி முதலியவை இருக்கக்கூடும் என்பதால் படமெடுப்பதைத் தள்ளிப்போடலாகாது.

ஒன்றும் கிடைக்காமலும் போகலாம். அப்போது பீனோபார்பிடோனோ பொட்டாசியம் புரோமைடோ நாள் தவறாமல் குறித்த நேரத்தில் கொடுக்கப்படும். மருந்தைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு முன்னினும் கடுமையாகத் திரும்பும். முறையாக மருந்துண்ணும் நாய்களிற் பல, இரண்டு வலிப்புகளுக்கு இடையே மாதக்கணக்கில் சுகமாக வாழ்கின்றன. குறிப்பேட்டை மட்டும் மூடிவிட வேண்டாம். வலிப்பு வராத நாட்களுக்கும் அதில் ஒரு வரி எழுதுங்கள். என்ன உண்டது, எவ்வாறு உறங்கியது என்று.