தோளில் தொங்கும் பதிமூன்று கிலோ: கேமராவோடு மலையேற எந்தப் பை?

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்ட கேள்வி ஒண்ணுதான்: "ட்ரெக்கிங் போகும்போது கேமராவை எதுல தூக்கிட்டுப் போறீங்க?" இதுக்கு ஒரு பிராண்ட் பேரைச் சொல்லிட்டு நகர்ந்துடலாம். ஆனா நான் இதைக் கத்துக்கிட்ட விதம் கொஞ்சம் வலியானது. அதனால கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

சில வருஷத்துக்கு முன்னாடி, ஒரு மார்ச் மாசம். நானும் நண்பனும் வெள்ளியங்கிரி ஏறினோம். ராத்திரி பூண்டி அடிவாரத்துல கிளம்பி, விடியறதுக்குள்ள ஏழாவது மலை. சூரிய உதயத்தைப் படம் பிடிக்கணும், அதான் திட்டம். என் பையில என்ன இருந்துச்சு தெரியுமா? நிகான் டி850 பாடி ஒரு கிலோ. 200-500 லென்ஸ் 2.3 கிலோ. 24-70 லென்ஸ் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல. ட்ரைபாட் ரெண்டு கிலோ. பேட்டரி, ஃபில்டர் எல்லாம் அரை கிலோ. தண்ணீர் மூணு லிட்டர், அதாவது மூணு கிலோ. ஸ்வெட்டர், சாப்பாடு ஒன்றரை. பையே ரெண்டு கிலோ. கூட்டிப் பாருங்க, பதிமூணு கிலோவைத் தாண்டும். என் எடை அப்போ 62. உடல் எடையில அஞ்சுல ஒரு பங்குக்கு மேல சுமக்காதீங்கன்னு மலையேறுறவங்க சொல்ற பொதுவான கணக்கு ஒண்ணு உண்டு. நான் அந்தக் கோட்டைத் தாண்டியாச்சு.

பை? கல்யாண ஃபோட்டோகிராஃபர்கள் தோள்ல மாட்டிட்டுப் போற சாதாரண கேமரா பை. உள்ளே அழகா அறை அறையா பஞ்சு வச்சிருக்கும். ஆனா இடுப்புப் பட்டை கிடையாது. மொத்த எடையும் ரெண்டு தோள்ல.

முதல் மலையோட கல்படி முடியும்போதே தோள் எரிய ஆரம்பிச்சது. நாலாவது மலையில இடது கை விரல் மரத்துப் போச்சு. குளிர்னு நினைச்சேன். ஏழாவது மலைக்குப் போய்ச் சேர்ந்து, கிழக்கே வானம் சிவக்குது, லென்ஸைத் தாங்கிப் பிடிக்க வேண்டிய இடது கை எனக்குக் கீழ்ப்படியலை. ஜூம் ரிங்கைத் திருப்ப முடியலை. நழுவ விட்டுடுவேனோன்னு பயந்து கேமராவைத் திரும்பப் பையில வச்சிட்டேன். நண்பன் மொபைல்ல எடுத்த ஒரு படம்தான் அந்தப் பயணத்துல மிச்சம்.

விரல் சரியாக ரெண்டு வாரம் ஆச்சு. டாக்டர் சொன்னார்: தோள் பட்டை அழுத்தி, கைக்குப் போற நரம்பு நசுங்கியிருக்கு. முதுகுல கனமான மூட்டை சுமக்கிறவங்களுக்கு இது வரும், இன்னும் கொஞ்ச நாள் இப்படியே சுமந்திருந்தா பலவீனம் தங்கிடக்கூட வாய்ப்பு இருந்ததுன்னு. லட்சக்கணக்குல லென்ஸ் வாங்கினவன், பைக்கு ரெண்டாயிரம் ரூபாய் கொடுக்க யோசிச்சேன். அதுக்கான பில் அன்னிக்கு வந்துச்சு.

சரி, இப்போ நான் எப்படித் தேர்ந்தெடுக்கிறேன்?

முதல்ல, கேமரா பை வேற, மலையேற்றப் பை வேற. கேமரா பை பொருளைப் பாதுகாக்கும். மலையேற்றப் பை முதுகைப் பாதுகாக்கும். நமக்கு ரெண்டும் வேணும். அதனால நல்ல மலையேற்றப் பை ஒண்ணு வாங்கி, அதுக்குள்ள கேமராவுக்குன்னே விக்கிற பஞ்சு வச்ச பெட்டியைத் தனியா வச்சுக்கறேன். ஒருநாள் ட்ரெக்குக்கு முப்பதுல இருந்து நாப்பது லிட்டர் போதும்.

ரெண்டாவது, உங்க உயரத்தைப் பார்த்துப் பை வாங்காதீங்க, முதுகோட நீளத்தைப் பாருங்க. தலையைக் குனிஞ்சா பிடரிக்குக் கீழே ஒரு எலும்பு துருத்தும். அங்கிருந்து, இடுப்பு எலும்போட மேல் விளிம்புக்கு நேரா முதுகுல வர்ற இடம் வரைக்கும் தையல் டேப்பால ஒருத்தரை அளக்கச் சொல்லுங்க. அந்த அளவுக்குப் பொருந்துற பை, இல்லேன்னா முதுகு நீளத்தைக் கூட்டிக் குறைக்கிற வசதியுள்ள பை வாங்குங்க. ஒரே உயரமுள்ள ரெண்டு பேருக்கு இந்த அளவு வேற வேறயா இருக்கும்.

மூணாவது, இடுப்புப் பட்டை. இதுதான் உயிர்நாடி. எடையில பெரும்பகுதி இடுப்பு எலும்புல உக்காரணும், தோள் பையைச் சாயாம பிடிச்சா போதும். மாட்டும்போது எல்லாப் பட்டையையும் தளர்த்துங்க. முதல்ல இடுப்புப் பட்டையை எலும்பு மேல இறுக்குங்க, வயித்து மேல இல்ல. அப்புறம் தோள் பட்டை, கடைசியா நெஞ்சுப் பட்டை. பட்டைக்கும் தோளுக்கும் நடுவுல ஒரு விரல் நுழையலைன்னா, எடை இன்னும் தோள்லதான் இருக்கு.

நாலாவது, கேமரா எங்க உக்காரணும்? முதுகோட ஒட்டி, நடு உயரத்துல. அடியில வச்சா பின்னாடி இழுக்கும், இறக்கத்துல தடுமாறுவீங்க. முதுகுப் பக்கமா திறக்கிற பைன்னா இன்னும் வசதி. சேத்துல வைக்கும்போது முதுகில் படற பக்கம் மேல இருக்கும், அழுக்காகாது.

கடையில காலிப் பையை மாட்டிப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. எட்டு கிலோ போட்டு மாட்டுங்க. தண்ணீர் பாட்டில், அரிசிப் பொட்டலம் எதுன்னாலும் சரி. படியேறி இறங்குங்க. இருபது நிமிஷத்துல தோள் எரிஞ்சா, அந்தப் பை உங்களுக்கு இல்லை.

கடைசியா ஒண்ணு. நல்ல பை வாங்கிட்டோம்னு எடையைக் கூட்டாதீங்க. அடுத்த தடவை அதே மலைக்குப் போனப்போ 200-500 வீட்லயே இருந்தது. ஒரே ஒரு 24-120, அது 700 கிராம்தான். வழியில சுனை இருக்குன்னு தண்ணீரையும் ஒன்றரை லிட்டரா குறைச்சேன். மொத்தம் ஒன்பது கிலோ சொச்சம். உச்சியில உதயம் அன்னிக்கு சுமாராத்தான் இருந்துச்சு, மேகம் மூடிடுச்சு. ஆனா இடது கை சொன்னபடி கேட்டுச்சு. மேகம் விலகின அந்த ரெண்டு நிமிஷத்துல எடுத்த படம்தான் இன்னிக்கு எங்க வீட்டு ஹால்ல மாட்டியிருக்கு.

இன்னிக்கு ராத்திரி ஒரு வேலை பண்ணுங்க. உங்க பையை அப்படியே எடை மெஷின்ல வச்சுப் பாருங்க. அந்த எண்ணைப் பார்த்துட்டு, எதை வீட்ல விடலாம்னு யோசிங்க. அடுத்த எபிசோடுல சந்திக்கலாம். பத்திரமா ஏறுங்க, பத்திரமா இறங்குங்க!